கழித்தல் அறுபத்தொன்று

என் தோழி இறந்த நாற்பத்தேழாவது நாள், எங்கள் கடைசிக் கட்டுரையில் அவளுடைய பங்களிப்பு கழித்தல் அறுபத்தொரு சதவீதம் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என்னுடையது நூற்று அறுபத்தொரு சதவீதம். இரண்டையும் கூட்டினால் நூறு வருவதால் கணக்கில் பிழை இல்லை என்று கடிதமே சொல்லிவிட்டது. ஆனால் நூறுக்கு மேல் பங்களிப்பது பேராசையின் அறிகுறி. ஆகவே நான் ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே பங்களித்தவரின் பெயரைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு, பழக்கத்தில், எதிர் மேசையை நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த அறையில் நாங்கள் இருவரும் பத்தொன்பது வருடங்கள் உட்கார்ந்திருந்தோம். கணிதத்தில் முடிவுறு குலங்கள் என்று எங்கள் துறைக்குப் பெயர். சதுரமான ஓர் அட்டையை எடுத்துத் திருப்பலாம், புரட்டலாம். எட்டு விதமாகச் செய்தாலும் அது பழைய இடத்தில் பழையபடியே உட்காரும். அந்த எட்டுச் செய்கைகளும் சேர்ந்தால் ஒரு குலம். எட்டுக்குப் பதில் எட்டாயிரம் செய்கைகள் உள்ள குலங்களும் உண்டு. நாங்கள் அந்தச் செய்கைகளை ஓர் ஊரின் வீடுகளாக வைத்துக்கொண்டோம். எந்த வீடும் உசத்தியில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் அண்டைவீடுகள். ஒவ்வொரு வீடும் தன் அண்டைவீடுகளில் யார் நன்றாக இருக்கிறாரோ அவரைப் பார்த்து நடக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மூலையில் சிலர் ஒருவருக்கொருவர் உதவத் தொடங்கினால், அந்தப் பழக்கம் பரவுமா, பட்டுப்போகுமா? இதுதான் கேள்வி. குறிப்பிட்ட ஒரு வகை ஊர்களில் அது ஒருநாளும் பட்டுப்போகாது என்று எங்கள் கடைசிக் கட்டுரை நிரூபித்தது.

நான் எழுதுவேன், அவள் அழிப்பாள். அதுதான் எங்கள் வேலை முறை. நான் பலகையில் எழுதிக்கொண்டே போவேன். அவள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். திடீரென்று "இல்லம்மா" என்பாள். எழுந்து வந்து கையாலேயே ஒரு வரியைத் துடைப்பாள். நான் சண்டை போடுவேன். மறுநாள் காலையில் ஒத்துக்கொள்வேன். அலுவலகத்தில் அவளுக்கு இல்லம்மா என்றே பெயர். குறிப்பாக ஒரு சொற்றொடரைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "என்பது தெளிவு."

"நீ 'என்பது தெளிவு'ன்னு எழுதுற இடத்துலதான் உனக்குத் தெளிவில்லைன்னு அர்த்தம்" என்பாள்.

ஆகவே எங்கள் கட்டுரைகளில் எழுத்தெல்லாம் என்னுடையது. அவளுடையது, அந்தக் கட்டுரைகளில் இல்லாதது அத்தனையும். கணினியிலும் இதே முறைதான்; நாங்கள் இருவரும் திறந்து திருத்தும் கோப்பு, யார் எதைச் சேர்த்தார், யார் எதை அழித்தார் என்று நிமிடம் தவறாமல் குறித்து வைத்திருக்கிறது. அதை ஒத்துழைப்பு அளவீட்டு மையத்தின் கணினி படித்துப் பார்த்து, சேர்த்ததைக் கூட்டலாகவும் அழித்ததைக் கழித்தலாகவும் எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்த மையம் பிறந்ததில் எங்களுக்கும் பங்குண்டு. பத்து வருடங்களுக்கு முன்னால், இரண்டு பேர் எப்போது ஒருவரையொருவர் நம்புவார்கள் என்று சின்னதாக ஒரு மாதிரி எழுதினோம். எங்கள் நிறுவனத்தில் ஒரு பேராசிரியர் அதன் முதல் பக்கத்தைப் படித்தார். மறு வருடமே மையமும் அதற்குக் கட்டடத்தில் ஒரு தளமும் வந்துவிட்டன. அவர் தலைவரானார். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஒத்துழைப்பு எண் வந்தது. மாதாமாதம் அதை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவார்கள். காலை பத்தரைக்கு ஜோடி ஜோடியாகத் தேநீர் குடித்து, ஒருவர் அட்டையில் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மாதத்தில் எல்லோரும் அட்டைகளை மொத்தமாகக் கையெழுத்திட்டு மாற்றிக்கொண்டார்கள். யாரும் யாருடனும் தேநீர் குடிப்பதில்லை. எண்கள் உயர்ந்துகொண்டே போயின.

நாங்கள் இருவரும் மட்டும் தினமும் குடித்தோம். அட்டையைத்தான் மறந்துவிடுவோம். எங்கள் எண் எப்போதும் பட்டியலின் அடியில் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். எழுத்தர் மேசையில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மேடம், உக்காருங்க. பெயர் நீக்குறது மட்டும் இல்ல மேடம். அவங்களுக்கு மூணு நினைவூட்டல் போயிருக்கு. ஒண்ணுக்கும் பதில் போடலை."

"அவ இறந்துட்டா."

"தெரியும் மேடம். நானும்தான் வந்து அழுதேன். ஆனா படிவத்துல மூணு கட்டம்தானே இருக்கு. பதிலளித்தார், பதிலளிக்கவில்லை, பதிலளிக்க மறுத்தார்."

"ரெண்டாவதுல குறி போடுங்க."

"போட்டேன் மேடம். ரெண்டாவது மூணு தடவை வந்தா தானாவே மூணாவதா மாறிடுது." குரலைத் தாழ்த்தினாள். "அது நீங்க எழுதின மாடல்தான் மேடம்."

உண்மைதான். மூன்று முறை பதில் தராதவரை அதன் பிறகு நம்புவதில் பயனில்லை என்பது தெளிவு. இப்படி அந்தப் பழைய கட்டுரையில் எழுதியது நான். அவள் அதை இரண்டு முறை அழித்தாள். நான் இரண்டு முறையும் திரும்பப் போட்டேன். நேரமாகிவிட்டது என்று அவளும் விட்டுவிட்டாள்.

"ஒரு வழி இருக்கு மேடம்" என்றாள் எழுத்தர். "அவங்க வீட்டுக்காரரைச் சார்பு ஒத்துழைப்பாளரா கூட்டிட்டு வாங்க. குழு முன்னாடி அவர் வந்து சொன்னா, பேரைக் காப்பாத்திடலாம்."

என் தோழியின் கணவர் தையல்காரர். மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில், இரண்டு இயந்திரம் போட்ட கடை. புதுத்துணி தைப்பது குறைவு. கால்சட்டை நீளம் குறைப்பது, சட்டை இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது. கடையின் பக்கச் சுவரில் அவள் கட்டுரைகளின் முதல் பக்கங்களைச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருக்கிறார். பதினான்கு. அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். பதினைந்தாவது இடத்தில் ஓர் ஆணி மட்டும் இருந்தது.

"அவ ஆஸ்பத்திரியில இருக்கும்போதே அடிச்சிட்டேன் தங்கச்சி" என்றார். "'எங்க மாட்டப் போறீங்க?'ன்னு கேட்டா. 'கண்ணாடிக்குப் பக்கத்துல'ன்னேன். சரின்னா. அதுக்கெல்லாம் 'இல்ல'ன்னு சொல்லமாட்டா. உப்புப் போதுமான்னு கேட்டாத்தான் சொல்லுவா."

விஷயத்தைச் சொன்னேன். அவர் அளவுநாடாவைக் கழுத்தில் இப்படியும் அப்படியும் இழுத்தார்.

"கழித்தல்னா, அவ அவங்களுக்கு ஏதாவது பாக்கி தரணுமா?"

"இல்லண்ணா. அவ இருந்ததால நஷ்டம்ங்கறாங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு வர உள்ளே போனார்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் நடுவில். அவர் எழுந்து முன்னுரை ஆற்றினார். அதை அப்படியே தருகிறேன், கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

"இந்த மையத்தை நான் யாருடைய உதவியும் இல்லாமல், தனி ஆளாகக் கட்டி எழுப்பினேன். ஒத்துழைப்பு என்றால் என்ன என்று அன்றைக்கு எவருக்கும் தெரியாது. ஆலோசனை சொல்ல வந்தார்கள், அனுமதிக்கவில்லை. கேள்வி கேட்டார்கள், இடமாற்றம் செய்தேன். இன்றைக்கு இந்த நிறுவனத்தின் சராசரி ஒத்துழைப்பு எண் தொண்ணூற்று நான்கு. மறைந்த அம்மையாருடைய எண் பதினொன்று. எனக்கு அவர்மேல் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. மையத்தின் தொடக்க விழாவில், நான் சூத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, 'இல்லம்மா' என்று அவர் சொன்னதைக்கூட நான் மறந்துவிட்டேன்."

பிறகு தையல்காரரைப் பார்த்தார். "உங்கள் மனைவி இந்த ஆய்வுக்கு என்ன பங்களித்தார்?"

"எனக்குக் கணக்கு வராது சார். போன்ல பேசுறது காதுல விழும். 'இல்லம்மா, இல்லம்மா'ம்பா. ஒரு மணி நேரம் அதையேதான் சொல்லுவா. அப்புறம் போனை வெச்சிட்டு, 'இன்னிக்கு நல்ல வேலைங்க'ம்பா."

ஒருவர் குறித்துக்கொண்டார். இன்னொருவர், "வேறு ஏதாவது ஆக்கபூர்வமாக?" என்று கேட்டார்.

அவர் யோசித்தார். "தையல் பிரிக்க நல்லா வரும் சார். ஞாயித்துக்கிழமை கடைக்கு வந்து பிரிச்சுக் குடுப்பா. துணி கிழியாது. நூலும் தெரியாது. தைக்கிறதைவிட அதுதான் கஷ்டம்."

"தைக்கமாட்டாரா?"

"ஊசியில நூல் கோக்கவே வராது சார்."

அதையும் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்தது சான்றுச் சோதனை. சார்பு ஒத்துழைப்பாளருக்கும் எனக்கும் இடையே உண்மையில் ஒத்துழைப்பு இருக்கிறதா என்று பார்க்க, எங்களைப் பக்கத்துப் பக்கத்து அறைகளில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. மணி அடித்ததும் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். பச்சை என்றால் உதவுகிறேன் என்று பொருள், சிவப்பு என்றால் கைவிடுகிறேன். இருநூறு சுற்று. சுவர் மெல்லியது. அவர் பேசுவது எனக்குக் கேட்டது.

"தங்கச்சி என்ன காட்டினாங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க. நீங்களா யூகிச்சுக் காட்டணும்."

"அவங்க எதைக் காட்டினாலும் நான் பச்சைதானே காட்டப் போறேன்? அப்புறம் எதுக்கு யூகிக்கணும்?"

இருநூறு முறையும் அவர் பச்சை காட்டினார். நானும் பச்சை காட்டினேன். கணினி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு முடிவு சொன்னது. ஒரு முறைகூடக் கைவிடாத இருவரிடம் தெரிவது ஒத்துழைப்பு அல்ல, அது கூட்டுச் சதி. குறைந்தபட்சம் நாலு துரோகங்களாவது வேண்டும், சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இரண்டாம் முறை, மூன்று சுற்றுகளில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மன்னிச்சிக்கங்க தங்கச்சி, இப்ப சிவப்பு" என்று குரல் வந்தது. அப்படிச் சொல்வது விதிமீறல் என்று அவரைக் கண்டித்தார்கள். நாலாவது சிவப்புக்குச் சொல்லாமல் இருமினார்.

நாங்கள் தேறிவிட்டோம். மாலை நாலு மணிக்குக் குழு தீர்ப்பை வாசித்தது. கருணை அடிப்படையில், மறைந்தவரின் பங்களிப்பில் உள்ள கழித்தல் குறி நீக்கப்படுகிறது. இருவரின் எண்களையும் நூறுக்குள் அடக்கினால் அவருக்கு இருபத்தேழரை சதவீதம். அவர் பெயர் கட்டுரையில் இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. குறியை நீக்க ஆதாரம் வேண்டும் என்பதால், அவர் அழித்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ஏன் அழித்தார் என்ற காரணத்தை எழுதிப் பட்டியலாகத் தர வேண்டும்.

படிக்கட்டில் இறங்கும்போது தையல்காரர் கேட்டார். "அப்ப பேரு வந்துடும்ல?"

"வந்துடும்ணா."

"சட்டம் போடச் சொல்லிடறேன்."

அழித்தவை நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. நான் பன்னிரண்டு நாட்கள் உட்கார்ந்தேன். முதலில் அது தண்டனையாகத்தான் இருந்தது. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, காலையில் எழுந்ததும் போகத் தோன்றியது. ஒவ்வொரு அழிப்புக்குப் பக்கத்திலும் நாளும் நேரமும் இருந்தன. அவள் காபி ஆற வைத்த நேரம், பஸ்ஸில் வந்த நேரம், என்னோடு கோபமாக இருந்த வாரம். கோபத்தில் இருந்த வாரத்திலும் சரியாகத்தான் அழித்திருந்தாள். சில இடங்களில் காரணம் எழுதியிருந்தாள்: "நீயே யோசி." "இது போன வருஷம் செத்த யோசனை, மறுபடி குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்க." ஓரிடத்தில், "அழகா இருக்கு, அதனாலதான் சந்தேகம்." அந்தக் காரணங்களை அலுவல் நடையில் மாற்றி எழுதினேன். தர்க்கப் போதாமை. மீளாய்வின்போது நீக்கம். ஆளில்லாத மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நாலாயிரம் முறை நான் தவறு என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பன்னிரண்டு நாட்களும் நான் தனியாக இல்லை.

பன்னிரண்டாம் நாள், பிற்பகலில், கடைசி வரிக்கு வந்தேன்.

அவள் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அழித்தது. ஏழாம் பகுதியில் ஒரே ஒரு வாக்கியம். "இங்கும் இடப்பக்கத்து அண்டைவீட்டாரும் வலப்பக்கத்து அண்டைவீட்டாரும் ஒரே ஆட்கள்தான் என்பது தெளிவு." காரணம் என்ற இடத்தில் ஒரு சொல்: "இல்லம்மா."

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. வலிக்குக் கொடுத்த மருந்தில் அவள் மகளையே அடையாளம் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள் என்று தையல்காரர் அண்ணன் சொல்லியிருந்தார். நான் அந்தக் குறிப்பைப் பார்த்தேன். "நீ தூங்கு. நான் பாத்துக்கறேன்" என்று செய்தி அனுப்பினேன். வாக்கியத்தைத் திரும்பப் போட்டேன். ஐந்து நொடி இருக்கும். கணக்கைப் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை. எனக்கு அவள்மேல் வந்தது பரிதாபம். பத்தொன்பது வருடங்களில் அவள் 'இல்லம்மா' என்று சொல்லி நான் சண்டைகூடப் போடாமல் விட்டது அந்த ஒரு முறைதான். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலில் காரணம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. 'உடல்நலக் குறைவால் நேர்ந்த நீக்கம்' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எழுதவும் தொடங்கினேன். பிறகு எழுந்து பலகைக்குப் போனேன்.

எங்கள் ஊர்களில் ஒரு செய்கைக்கு முன்னால் இன்னொன்றைச் செய்து போய்ச் சேரும் வீடு இடப்பக்கம், பின்னால் செய்து போய்ச் சேரும் வீடு வலப்பக்கம். ஓர் ஊரில் ஒரு வீட்டிலிருந்து வலப்பக்கமாக நடந்து போனால் வரும் அண்டைவீடும், இடப்பக்கமாக நடந்து போனால் வரும் அண்டைவீடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆறாம் பகுதி வரை நாங்கள் எடுத்துக்கொண்ட ஊர்களில் அவை ஒன்றாகவே இருந்தன. ஏழாம் பகுதியின் தொடக்கத்தில், கணக்கைச் சுருக்குவதற்காக, நான் அண்டைவீட்டார் சிலரைப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தேன். எடுத்த பிறகும் பழைய ஞாபகத்திலேயே தெளிவு என்று எழுதிவிட்டேன். இருபத்து நான்கு வீடுகள் உள்ள சின்ன ஊரை வரைந்தேன். மூன்று வீடுகளில் உதவுகிறவர்களை வைத்தேன். சுற்றுச் சுற்றாக நடத்திக்கொண்டே போனேன். ஐந்தாவது சுற்றில் இரண்டு பேர் இருந்தார்கள். ஏழாவதில் ஒருவர். ஒன்பதாவது சுற்றில் யாரும் இல்லை.

திரும்ப ஒரு முறை செய்தேன். அதே ஒன்பது.

பலகையின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. எழுத்தர் பட்டியல் கேட்டு வந்து வாசலில் நின்றாள்.

"முடிஞ்சிருச்சா மேடம்? தலைவர் அவங்க பேருல ஒரு விருது அறிவிக்கலாம்னு இருக்கார். முன்மாதிரி ஒத்துழைப்பாளர் விருது."

"நாளைக்குத் தரேன்" என்றேன்.

கடையில் தையல்காரர் ஒரு கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டம் வந்துவிட்டிருந்தது. காகிதம் இல்லாமல், கண்ணாடி மட்டும் போட்டு, மேசை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவள் சொன்னது சரி. நான் கேட்கவில்லை. தேற்றம் தப்பு. கட்டுரை இருந்தால் அவள் பெயர் இருக்கும். ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன வரிக்கு மேலே இருக்கும். திரும்பப் பெற்றால் பெயரும் போய்விடும்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்ல. ரொம்ப வருஷத்துக்குத் தெரியாமலேகூடப் போகலாம்."

அவர் பிளேடை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மருந்துலதான் அப்படிப் பேசினான்னு நானும் நெனச்சேன் தங்கச்சி. அன்னிக்குச் சாயங்காலம் பூரா 'இடது வேற, வலது வேற'ன்னு சொல்லிட்டே இருந்தா. நான் தலகாணியைச் சொல்றான்னு நெனச்சு, மாத்தி மாத்தி வெச்சேன்."

வெளியே யாரோ கால்சட்டை வாங்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போனார்.

"பிரிச்சிடுங்க" என்றார். "தப்பாத் தைச்சதைப் போட்டுவிட்டா அவ ஒத்துக்கமாட்டா. கோட்டு நல்லா இருக்குன்னு ஊரே சொன்னாலும் ஒத்துக்கமாட்டா."

"அண்ணா, அந்த ஆணி..."

"கிடக்கட்டும். டேப்பு மாட்டிக்கிறேன்" என்று கழுத்திலிருந்த நாடாவை எடுத்து அதில் மாட்டினார். மாட்டிவிட்டு, அளவெடுக்கிறவர் போலச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். முகத்தை எனக்குக் காட்டவில்லை.

மறுநாள் பட்டியலைக் கொடுத்தேன். கடைசிக் கட்டத்தில், "அவர் சொன்னது சரி" என்று எழுதியிருந்தேன். கூடவே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் வைத்தேன்.

தலைவர் என்னை அழைத்தார். அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது. "உங்களுக்காக நாங்கள் கழித்தல் குறியையே எடுத்தோம்" என்றார். "இப்போது எல்லாமே பூஜ்யம். பூஜ்யத்தில் இருபத்தேழரை சதவீதம் என்று எப்படிச் சான்றிதழ் கொடுப்பது? சரி, தவறு என்பதெல்லாம் கணிதத் துறையின் வேலை. இந்த மையம் அதற்குள் தலையிடுவதே இல்லை. இரண்டு பேர் ஒத்துப்போனார்களா என்பது மட்டும்தான் எங்களுக்கு முக்கியம். நீங்கள் இருவரும் ஒத்துப்போய்விட்டீர்கள் என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகு, அவர் மறுபடியும் இல்லை என்கிறார்."

"சாகறதுக்கு மூணு நாள் முன்னாடியே சொல்லிட்டா சார். நான்தான்..."

"இறந்த பிறகும்" என்றார் அவர், மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டே.

ஒரு மாதம் கழித்து எழுத்தர் ஒரு கடிதத்தைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். தபாலில் அனுப்ப மனசு வரவில்லை என்றாள். சான்றளிக்கப்பட்ட கட்டுரை மறைந்தவரின் ஆட்சேபத்தின் பேரில் திரும்பப் பெறப்பட்டதால், அவர் நிறுவனத்துடன் ஒத்துழைக்க மறுத்தவராகக் கருதப்படுகிறார். விதிப்படி, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு நான் அவருடன் எவ்வகையிலும் இணைந்து பணியாற்றக் கூடாது. பெற்றுக்கொண்டேன் என்று அடியில் கையெழுத்திட வேண்டும்.

"போட்டுடுங்க மேடம்" என்றாள். "மீறினாத்தான் பிரச்சினை."

கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருடங்களில் அந்த மையம் போட்ட விதிகளில், மீறிவிட வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான்.